ஒரு மணிக்குக் கைமாற வேண்டிய சாமி

ஜனவரி மாதச் சனிக்கிழமை, காலை பத்தே முக்கால். மில்பிடாஸில் நஞ்சப்பன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு பேர். ஷ்யாமளாவின் நோட்டுப் புத்தகத்தில் உள்ளபடி:

மேசையின் தலைப்பக்கம், தோட்டத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி, சபைத் தலைவர் மோரோ. வயது எழுபத்தெட்டு, பிரான்ஸில் பிறந்தவர், வலது முழங்கால் மடங்காது, கைத்தடி உண்டு. அவருக்கு வலப்பக்கம் வீட்டுக்காரர் நஞ்சப்பன், சிப் கம்பெனி இன்ஜினியர், கோபிச்செட்டிபாளையம். அவரை அடுத்து மகள் பிரீத்தி, இருபத்து மூன்று வயது, இங்கேயே வளர்ந்தவள். மோரோவுக்கு இடப்பக்கம் கந்தசாமி, கம்பம்காரர், லிவர்மோரில் இரண்டு ஏக்கர் வாங்கித் திராட்சை போட்டிருப்பவர். அவருக்குப் பக்கத்தில் ஷ்யாமளா, சபையின் எழுத்தர். கடைசி நாற்காலி நஞ்சப்பனின் மனைவி தனபாக்கியத்துக்கு. அதில் அவள் உட்காரவேயில்லை, அடுப்படிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

ஏழாவதாக ஒருவர் சுவரோரக் குட்டை மேசையில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றரைச் சாண் உயரம், கறுத்துப்போன மரம், வலது கையில் வளைகத்தி, இடது கையில் திராட்சைக் கொத்து. கழுத்தில் மஞ்சள் நாடாவில் ஒரு தட்டையான வெள்ளிக் கிண்ணம். திராட்சைக் குடியானவர்களுக்குக் காவலரான புனித வின்சென்ட்.

பன்னிரண்டு ஐந்துக்கு அவர் அங்கே இல்லை.

*

வளைகத்திச் சகோதரர் சபை பிரான்ஸில் பர்கண்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தொடங்கியது. மோரோ தலைவராக இருப்பது அதன் கலிஃபோர்னியாக் கிளைக்கு. நல்ல ஒயினை மதித்துக் குடிப்பது, குடிக்கையில் பாடுவது, பாடும்போது இரண்டு கைகளையும் தூக்கி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஆட்டுவது ஆகியவை அதன் கொள்கைகள். அங்கி சிவப்பு, குறுக்கே போடும் பட்டை மஞ்சள். புதிதாகச் சேர்பவரை முழங்காலிடச் சொல்லி, பழைய திராட்சை வேர்க்கட்டையால் தோளில் மூன்று தட்டுத் தட்டுவார்கள்.

ஆண்டுக்கு ஒரு வீடு என்று வின்சென்ட் சாமி வீடு வீடாகப் போய்த் தங்குவார். தங்கும் வீட்டில் ஒரு திராட்சைக் கொடி நட வேண்டும். ஆண்டு முடிவில், அவர் திருநாளை ஒட்டிய சனிக்கிழமை, அந்தக் கொடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டு, அடுத்த ஆண்டுக்குரிய வீட்டுக்காரரிடம் அவரை ஒப்படைக்க வேண்டும். கொடுப்பவர் கழுத்துக் கிண்ணத்தில் ஒயின் ஊற்ற, வாங்குபவர் குடிப்பதுதான் ஒப்படைக்கும் சடங்கு. ஒப்படைத்த அன்றே தாய்ச் சபைக்குக் கடிதம் போக வேண்டும். யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று அது தொடங்கும். அதே நாளின் தபால் முத்திரை அதில் இருக்க வேண்டும். சாமியைத் தொலைத்த கிளைக்கு மறுபடி சாமி கிடையாது.

ஷ்யாமளா ஒரு சொட்டும் குடிக்க மாட்டாள். திராட்சை ஜூஸ்தான். ஆனாலும் பதினோரு வருஷமாக அவள்தான் எழுத்தர். சென்னையில் பிளஸ் டூவில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு, கலிஃபோர்னியாவில் இப்படி ஒரு உத்தியோகம் வாங்கிக் கொடுக்கும் என்று அப்போது யார் கண்டார்கள்? பதினோரு கடிதங்களில் ஒரு வரிகூட அவள் பொய் எழுதியதில்லை.

இந்த வருஷக் கணக்குப்படி சாமி நஞ்சப்பன் வீட்டிலிருந்து கந்தசாமி வீட்டுக்குப் போக வேண்டும். நேரம் ஒரு மணி.

*

காலையில் காப்பி நேரத்தில் எல்லாரும் நல்ல குஷியில்தான் இருந்தார்கள்.

"இவரைப் பார்த்தா எங்க ஊர்க் கருப்பசாமி மாதிரியே இருக்காரு," என்றார் கந்தசாமி. "கையில அருவா, பக்கத்துல சரக்கு. மீசை ஒண்ணுதான் பாக்கி."

"மீசை வரைஞ்சிடாதீங்க, உங்க வீட்டுக்கு வந்த அப்புறம்," என்றார் நஞ்சப்பன்.

"இடமெல்லாம் ரெடிங்க. ஈசான மூலையில கல்லு வச்சு, மேல ஓடு போட்டாச்சு. அதான் என் சம்சாரம் பிரியாகூட வரலை. வீட்டுல பொங்கல் வச்சுக்கிட்டிருக்கா."

"இந்த வருஷமாவது காய்க்குமா?"

கந்தசாமி சிரித்தார். ஆனால் சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. முதல் வருஷம் கோஃபர் எலி வேரைத் தின்றது. இரண்டாம் வருஷம் சாம்பல் நோய். "காய்க்கணும்ங்க. இதுவும் போச்சுன்னா நிலத்தை வித்துட வேண்டியதுதான். பிரியா சொல்லிட்டா. உங்களுக்கு இவரு வந்த ஆறாம் மாசம் கிரீன் கார்ட் குடுத்தாருல்ல?"

"பன்னண்டு வருஷம் காத்திருந்ததுக்கு வந்துச்சுங்க," என்றாள் தனபாக்கியம். "ஆனா நானும் இவருக்கு ஒரு நாள் தவறாம வெளக்கு வச்சேன்."

பிரீத்தி காப்பிக் கோப்பையைச் சாமிக்குப் பக்கத்தில் வைத்தாள். எதிரே எரிந்த மெழுகுவர்த்தி இடைஞ்சலாக இருந்தது போல, குனிந்து ஃபூ என்று ஊதினாள்.

"வாயால ஊதாதேன்னு எத்தனை தடவை சொல்றது, பிரீத்தி."

"மாம், இட்ஸ் எ கேண்டில்."

தனபாக்கியம் கோப்பையை எடுத்துவிட்டு மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றினாள். சாமிக்கு நேர் எதிரே, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பதினொன்று இருபது. மழை விட்டிருந்தது. தோட்டம் சேறு. நஞ்சப்பன் காஸ்ட்கோவில் வாங்கிய ரப்பர் செருப்புகளை, எல்லாம் ஒரே அச்சு, கண்ணாடிக் கதவோரம் வரிசையாக வைத்தார். கார்ப்பெட் மீது பிளாஸ்டிக் விரித்திருந்தது. "மோரோ சாருக்குக் குனிஞ்சு ஷூ கழட்ட முடியாது," என்றாள் தனபாக்கியம். "அதனால இன்னைக்கு யாருமே கழட்ட வேண்டாம். உள்ள வரும்போதும் செருப்போடயே வாங்க. பிளாஸ்டிக் போட்டிருக்கு, கழுவிக்கலாம்." அவள் மட்டும் வழக்கம்போல வெறுங்காலோடு இருந்தாள். வாசற்படியைத் தாண்டிச் சேற்றில் இறங்கவில்லை.

*

பதினொன்று முப்பத்தைந்துக்கு, எல்லாரும் சிவப்பு அங்கி மாட்டிக்கொண்டதும், கவாத்து தொடங்கியது. சபையின் வளைகத்தியால் நஞ்சப்பன் வெட்டினார். மோரோ நாற்காலியில் உட்கார்ந்து பாட்டை எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்று ஷ்யாமளா நோட்டில் எழுதினாள். கொடியில் பன்னிரண்டு கிளை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பாட்டு. நடுநடுவே ஆட்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

பன்னிரண்டு ஐந்து. முதலில் உள்ளே போனவள் பிரீத்தி. வாசலிலேயே நின்றாள்.

"மாம், வேர்ஸ் தி செயின்ட் கை?"

குட்டை மேசையில் வெள்ளிக் கிண்ணம் இருந்தது. நாடா அழகாகச் சுற்றி அதற்குள் வைத்திருந்தது. சாமி இல்லை.

"யாரும் உள்ளே போகாதீங்கோ," என்றாள் ஷ்யாமளா. "ரெண்டு நிமிஷம் அப்படியே நில்லுங்கோ."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் விரிப்பின் ஓரமாகவே நடந்து பார்த்தாள். சேற்றுத் தடங்கள். ரப்பர்ச் செருப்பு எல்லாம் ஒரே அச்சு என்பதால் யாருடையது என்று சொல்ல வழியில்லை. ஒரு தடம் மாடிப்படிக்கு நேராகப் போனது. இன்னொன்று குட்டை மேசைப் பக்கம் வந்து, இரண்டடி தூரத்தில் நின்று, அங்கிருந்து முன்வாசலுக்குப் போய், அதே வழியாகத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தது. நின்ற இடத்தில் சேறு அதிகம். ஜோடியாக, ஒட்டி ஒட்டி. அங்கிருந்து மேசை வரை சுத்தம்.

மெழுகுவர்த்தி எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சாமி நின்ற இடத்துக்கு நேர் எதிரே இல்லை. ஒரு சாண் தள்ளி, மேசையின் ஓரத்தில் இருந்தது.

எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

*

பன்னிரண்டு பதினைந்து. எல்லாரும் பழைய இடங்களில் உட்கார்ந்தார்கள். மோரோ தடியை மடிமேல் கிடத்திக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் பயம் அவரைப் பேச வைத்தது.

"டிசம்பரில் எனக்கு ஒரு மெயில் வந்தது," என்றார் ஆங்கிலத்தில். "சாமியை இன்னும் ஒரு வருஷம் இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று நஞ்சப்பன் கேட்டிருந்தார். முடியாது என்று எழுதினேன்."

நஞ்சப்பனின் முகம் சிவந்தது. "கேட்டேன். முடியாதுன்னீங்க. விட்டுட்டேன். பன்னண்டு வெட்டும் உங்க கண்ணு முன்னாலதான வெட்டினேன்?"

"நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள்," என்றார் மோரோ. அவர் பார்வை தனபாக்கியத்தின் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

தனபாக்கியம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஷ்யாமளாக்கா, அவரு என்ன சொல்றாருன்னு எனக்குப் புரியுது. ஒரு வருஷம் வெச்சிருந்த வீட்டுல களவு போச்சுன்னு கடுதாசில எழுதினா, படிக்கறவங்க யாரை நெனைப்பாங்க? தமிழ் ஆளுக வீட்டுக்கு முதல் தடவையா வந்த சாமி. இனி ஒருத்தரு நம்ம வீட்டுக்குக் குடுப்பாங்களா?"

"நான் இன்னும் எதுவும் எழுதலை, தனம்," என்றாள் ஷ்யாமளா. "நீ உள்ளே போனியா?"

"போனேன். குக்கரை அணைக்க. பதினொன்னே முக்கால் இருக்கும்."

"சாமி?"

"இருந்தாருங்க. வெளக்கும் நேரா இருந்துச்சு."

"பிரீத்தி?"

"ஒர்க் கால், ஆன்ட்டி. லைக், பதினொன்னு ஐம்பது. மேலே போனேன், கேம் டவுன், திரும்ப வெளியே வந்துட்டேன். நான் பார்க்கவே இல்லை. ஹானஸ்ட்லி, ஹி க்ரீப்ஸ் மீ அவுட்."

"சரி. கந்தசாமி சார்?"

கந்தசாமி தேங்காய்ச் சட்னியில் பணியாரத்தைத் தோய்த்துக்கொண்டிருந்தார். "கார் வரைக்கும் போயிட்டு வந்தேங்க."

"எத்தனை மணிக்கு?"

"பிரீத்தி மாடிக்குப் போன கொஞ்ச நேரத்துல."

"எதுக்கு?"

"சீட்டுல புதுத் துண்டு விரிக்கணும்ல? சாமியை வெறும் சீட்டுலயா உக்கார வைக்கிறது?"

"வீட்டுக்குள்ளே போய்த்தான் போனீங்களா?"

"ஆமாங்க."

"சாமி இருந்தாரா?"

"இருந்தாரு. கும்பிட்டேன்."

"திரும்பி வரும்போது?"

"அந்தப் பக்கம் திரும்பலைங்க." பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு எதையோ நினைத்தவர் போல, "கிண்ணம் இருக்குல்ல? ஒரு மணிக்கு அதைக் குடுத்துருவீங்கல்ல?" என்று கேட்டார்.

ஷ்யாமளா நோட்டை மூடினாள். திரும்பத் திறந்தாள். மூன்றாவது பக்கத்தில் கிண்ணத்தைப் பற்றிய வரியின் கீழே கோடு போட்டாள்.

*

பன்னிரண்டு நாற்பது.

"சொல்றேன்," என்றாள். "கேட்டுட்டு அப்புறம் யார் வேணா கோவிச்சுக்கலாம். முதல்ல வெள்ளி. இந்த மேசையிலே விலை போற பொருள் கிண்ணம் ஒண்ணுதான். அதை நிதானமா கழட்டி, நாடாவைச் சுத்தி வச்சுட்டு, மரத்தைத் தூக்கிண்டு போயிருக்கா. அப்போ இது காசுக்கு எடுத்ததில்லே."

மோரோவுக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

"ரெண்டாவது மெழுகுவர்த்தி. சாமிக்கு நேர் எதிரே எரிஞ்சிண்டிருந்தது. அங்கியோட கை நீட்டினா தீப்பிடிக்கும். அவசரத்திலே இருக்கறவா ஊதி அணைச்சுடுவா. இவர் அணைக்கலை. எடுத்து ஓரமா வச்சுட்டு எரிய விட்டிருக்கார்."

"தட் ரூல்ஸ் மீ அவுட்," என்றாள் பிரீத்தி. காலையில் திட்டு வாங்கியது இப்போதுதான் அவளுக்குப் பிடித்தது.

"ஆமாம், உன்னை விட்டாச்சு. மூணாவது செருப்பு. சாமிக்கு ரெண்டடி முன்னாலே செருப்புத் தடம் நிக்கறது. நடந்த தடமில்லை, கழட்டி விட்ட தடம். யாரும் கழட்ட வேண்டாம்னு இவ அத்தனை தடவை சொல்லியும், களவாட வந்த இடத்திலே நின்னு செருப்பைக் கழட்டியிருக்கார். கோயில் வாசல்லே கழட்டற மாதிரி. சாமியைத் தொடணுமே, செருப்புக் காலோடு எப்படித் தொடறது? தனம் இன்னிக்குச் செருப்பே போடலை. அதனாலே அவ கழட்டறதுக்கு ஒண்ணுமில்லை."

தனபாக்கியம் தன் கால்களைப் பார்த்தாள். பிறகு மோரோவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"நஞ்சப்பன் சார் எங்க கண்ணு முன்னாலே வெட்டிண்டிருந்தார். மோரோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை. நான் அவர் பக்கத்திலே. பாக்கி ஒருத்தர்."

யாரும் கந்தசாமியைப் பார்க்கவில்லை. அதனால் எல்லாரும் அவரைத்தான் நினைத்தார்கள் என்று தெரிந்தது.

"அது எப்படி?" என்றார் மோரோ. "ஒரு மணிக்கு அவர் கையில் நானே கொடுக்கப் போகிறேன். ஒரு மணி நேரத்தில் தனக்கு வரப்போவதை ஒருவன் ஏன் திருட வேண்டும்?"

"அதுதான் என்னையும் அரை மணி நேரம் படுத்தினது," என்றாள் ஷ்யாமளா. "இந்த வீட்டிலே சாமியைத் திருடக் காரணமே இல்லாத ஒரே ஆள் அவர்தான். அதனாலே எல்லாரும் அவரைத் தாண்டிப் போயிட்டோம். கிண்ணத்தை ஏன் விட்டார்னு யோசிச்சேன். சாமியை இங்கேயே வச்சுக்க நினைக்கறவா, கைமாத்தற சடங்கு நடக்காம இருக்கத்தான் பார்ப்பா. கிண்ணம் இருந்தா சடங்கு நடந்துடும். அப்போ எடுத்தவருக்குச் சடங்கு நடக்கணும். கிண்ணம் முறையா வரணும். சாமி மட்டும் திருட்டா வரணும். மோரோ சார், எங்க ஊர்லே ஒரு நம்பிக்கை உண்டு. புதுசா கோயில் கட்டினா பிள்ளையாரைக் காசு குடுத்து வாங்கக் கூடாது, யாராவது குடுத்தாலும் அவ்வளவு விசேஷமில்லே. பக்கத்து ஊர்லேர்ந்து திருடிண்டு வந்து வைக்கணும். திருட்டுப் பிள்ளையாருக்குத்தான் சக்தி ஜாஸ்தி."

"வெயிட்," என்றாள் பிரீத்தி. "ஸ்டோலன் காட்ஸ் ஆர் பெட்டர்?"

"மச் பெட்டர்," என்றார் கந்தசாமி.

அப்படிச் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "ரெண்டு வருஷம் போச்சுங்க. ரெண்டு வருஷமும் முறையாத்தான் எல்லாம் பண்ணினேன். மருந்து அடிச்சேன், ஆள் வச்சேன், மண்ணு டெஸ்ட் பண்ணினேன். இது கடைசித் தடவை. நம்ம ஊர் வழியிலயும் ஒண்ணு பண்ணிப் பாத்துருவோம்னு தோணிச்சு."

"நீங்க ஒரு பொய்கூடச் சொல்லலை," என்றாள் ஷ்யாமளா.

"சாமி விஷயத்துல பொய் சொல்லலாமா? எடுத்தியான்னு நீங்க கேக்கவேயில்லைங்களே."

"இப்போ எங்கே? டிக்கியிலே இருக்காது."

"டிக்கியிலயா," என்று காதைப் பொத்தினார் கந்தசாமி.

எல்லாரும் தெருவுக்குப் போனார்கள். மோரோவும் தடியூன்றி வந்தார். கந்தசாமியின் காரில் முன்சீட்டில் புதுத் துண்டு. அதன் மேல் கிழக்குப் பார்த்து வின்சென்ட் சாமி. மார்பின் குறுக்கே சீட் பெல்ட்.

நஞ்சப்பன்தான் முதலில் சிரித்தது.

தனபாக்கியம் சிரிக்கவில்லை. "ஏனுங்க, கேட்டிருந்தா நானே அந்தப் பக்கம் திரும்பி நின்னிருப்பேன். களவாணிப் பட்டம் எனக்கு வந்திருக்குமுல்ல?"

"அதை நான் யோசிக்கலை தங்கச்சி," என்றார் கந்தசாமி. அவர் குரல் இறங்கிவிட்டது. "ஒரு மணிக்கு நானே சொல்லிரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இவரு உன்னைப் பாத்த பார்வையைப் பாத்ததும் நாக்கு எழலை. தப்புத்தான். இறக்கி உள்ள கொண்டு வந்து வைக்கிறேன். முறைப்படியே குடுங்க."

சீட் பெல்ட்டில் கை வைத்தவர், அவிழ்க்காமல் நின்றார்.

தனபாக்கியம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இறக்கினா திருட்டு செல்லாதுல்ல?" என்றாள்.

"செல்லாது."

"அப்ப இறக்காதீங்க."

எல்லாரும் மோரோவைப் பார்த்தார்கள். கிழவர் காரின் மேல் சாய்ந்துகொண்டு சாமியின் சீட் பெல்ட்டைப் பார்த்தார். பிறகு, வெளியாட்களிடம் தாய்ச் சபை சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஆலங்கட்டி மழையில் கொடியெல்லாம் அழிந்த ஒரு வருஷம், சபையை நிறுவிய ஏழு பேரும் பக்கத்துக் கிராமத்துக்குப் போய், அந்த ஊர் வின்சென்ட்டை வைக்கோல் வண்டியில் ஒளித்துக் கொண்டுவந்தார்களாம். அடுத்த வருஷம் மகசூல் கொட்டியதாம். "எங்களுக்கு அது அவமானம் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள்," என்றார். "விதிப் புத்தகத்தில் கிண்ணம் கைமாற வேண்டும் என்றுதான் இருக்கிறது. சாமியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஏன் இல்லை என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது."

ஒரு மணிக்குக் கிண்ணம் கைமாறியது. நஞ்சப்பன் ஊற்ற, கந்தசாமி குடித்தார். கைகளைத் தூக்கி மணிக்கட்டைத் திருப்பி எல்லாரும் பாடினார்கள். மூன்றாவது அடியில் தனபாக்கியமும் சேர்ந்துகொண்டாள். சாமி காரிலேயே இருந்தார்.

*

இரண்டரை மணிக்குப் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு ஷ்யாமளா எழுத உட்கார்ந்தாள். இருந்தவர்கள், உட்கார்ந்த இடங்கள், கொடியின் பன்னிரண்டு வெட்டு. பிறகு நடந்ததை நடந்தபடியே எழுதினாள். கழற்றிய செருப்பு, அணைக்காத மெழுகுவர்த்தி, சீட் பெல்ட், எதையும் விடவில்லை.

மோரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ஒரு வரி குறைகிறது, மேடம்," என்றார். பேனாவை வாங்கித் தானே எழுதினார். ஷ்யாமளா அதைத் தமிழில் தனபாக்கியத்துக்குப் படித்துக் காட்டினாள்:

"இந்த வீட்டின் தலைவியை நான் அரை மணி நேரம் சந்தேகித்தேன். ஒரு வருஷம் ஒரு நாள் தவறாமல் சாமிக்கு விளக்கு வைத்தவர் அவர். இனி எந்த ஆண்டும் இந்த வீடு கேட்டால், மறுப்பதற்கு எனக்கு உரிமை கிடையாது."

"கையெழுத்துப் போட்டுட்டாரா?" என்றாள் தனபாக்கியம்.

"போட்டுட்டார்."

"செரி. அப்ப ஒட்டுங்க."

சிவப்பு அரக்கை உருக்கி உறையின் மடிப்பில் விட்டார்கள். மோரோ மோதிரத்தை அழுத்தினார். பிரீத்தி காரை எடுத்தாள். மூன்று நாற்பதுக்குத் தபால் நிலையத்தில் நாலு பேர் வரிசையில் முன்னால் நின்றார்கள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பி அரக்கைத் தடவிப் பார்த்தாள். இது மெஷினில் போகாது, கூடுதல் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், முத்திரையும் கையால்தான் குத்த வேண்டும் என்றாள்.

"கையாலேயே குத்துங்கோ," என்றாள் ஷ்யாமளா. "இன்னித் தேதி தெளிவா விழணும்."

அந்தப் பெண் முத்திரையை மையில் ஒற்றி ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். தேதி தெளிவாக விழுந்தது. உறை பின்னால் இருந்த வெளிநாட்டுத் தபால் கூடையில் போய் விழுந்தது.